நுவரெலியா: 676 பேருக்கு ஒருவர், 3,070 பேருக்கு ஒருவர்

இலங்கையில் அரசாங்க நிர்வாகத்தின் ஆகக் கீழ்ப்படி கிராம உத்தியோகத்தர் பிரிவு, ஒரு பிரிவுக்கு ஓர் உத்தியோகத்தர். அப்படி 14 ஆயிரத்துச் சொச்சம் பிரிவுகள் இருக்கின்றன. 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் சனத்தொகை இரண்டு கோடியே மூன்றரை இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல். வகுத்துப் பார்த்தால் ஒரு பிரிவுக்கு ஏறக்குறைய 1,450 பேர். அதே கணக்கெடுப்பில் நுவரெலியா மாவட்டத்தில் 711,644 பேர், 491 பிரிவுகள். ஒரு பிரிவுக்கு 1,449 பேர்.

நாட்டின் சராசரியும் மாவட்டத்தின் சராசரியும் அச்சொட்டாகப் பொருந்துகின்றன. கொழும்பில் மேசையில் இருந்து பார்க்கிற ஒருவருக்கு இந்த மாவட்டத்தில் குறை சொல்ல எதுவும் தெரியாது. சரி, இப்போது மாவட்டத்துக்குள்ளே இறங்கிப் பார்ப்போம். ஹங்குராங்கெத்தயில் ஒரு கிராம உத்தியோகத்தருக்குச் சராசரியாக 676 பேர். அம்பகமுவவில் 3,070 பேர். ஒரே மாவட்டம், ஒரே கச்சேரி (மாவட்டச் செயலகம்), ஒரே சம்பளத்திட்டம். ஆனால் ஒருவர் சுமப்பதைப்போல நாலரை மடங்கு மற்றவர் தலையில்.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கப் போகிறது. மாவட்டத்தின் நிர்வாகப் பிரிவுகளைப் பட்டியல் போட்டுவிட்டுப் போனால் அது பரீட்சைக் குறிப்பாகிவிடும். அந்தக் கோடுகள் யாருக்காக, எப்போது போடப்பட்டன என்று கேட்டால்தான் இந்த மலையின் கதை புரியும்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். மத்திய மாகாணத்தின் மூன்று மாவட்டங்களில் தெற்கே இருப்பது நுவரெலியா. பரப்பளவு 1,741 சதுர கிலோமீற்றர். நாட்டின் மிக உயரமான மலையான பிதுருதலாகலை (2,524 மீற்றர்) நுவரெலியா நகரத்தின் தலைக்கு மேலேயே நிற்கிறது. நகரமே 1,868 மீற்றர் உயரத்தில். தென்மேற்கு மூலையில் சிவனொளிபாதமலை, தெற்கே ஹோர்ட்டன் சமவெளி. நீர் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடுகிறது. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் களனி கங்கையாகி மேற்கே கொழும்புக்குப் போகின்றன. கொத்மலை ஓயா மகாவலியில் சேர்ந்து கிழக்கே போகிறது. நாட்டுக்கு மின்சாரம் தரும் காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை நீர்த்தேக்கங்கள் எல்லாம் இங்கேதான். நாட்டின் மிக உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொலையும் இந்த மாவட்டத்தில்தான், 1,891 மீற்றரில்.

நிர்வாகத்தைப் பொறுத்தவரை, மாவட்டத்துக்கு அடுத்த படி பிரதேச செயலாளர் பிரிவு, அதற்குள்தான் கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். அண்மைக்காலம் வரை மாவட்டத்தில் ஐந்து பிரதேச செயலாளர் பிரிவுகள் இருந்தன. 2012 கணக்கெடுப்பு இந்த ஐந்தையும் வைத்து நடந்தது. பழைய பிரிவுகளை ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் தோதான கணக்கு. நுவரெலியா பிரிவில் 212,094 பேர், 72 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். அம்பகமுவவில் 205,723 பேர், 67 பிரிவுகள். வலப்பனையில் 104,119 பேர், 125 பிரிவுகள். கொத்மலையில் 101,180 பேர், 96 பிரிவுகள். ஹங்குராங்கெத்தயில் 88,528 பேர், 131 பிரிவுகள்.

இந்த எண்களை இன்னொரு தடவை மெதுவாகப் பாருங்கள். ஆட்கள் கூடிய இரண்டு இடங்களிலும் பிரிவுகள் குறைவு, ஆட்கள் குறைந்த மூன்று இடங்களிலும் பிரிவுகள் கூட. ஆகக் குறைந்த மக்கள் உள்ள ஹங்குராங்கெத்தயில்தான் ஆகக் கூடிய கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். முதல் இரண்டு பிரிவுகளையும் சேர்த்தால் மாவட்டத்தின் 58.7 சதவீத மக்கள். அவர்களுக்கு 491 பிரிவுகளில் 139, அதாவது 28.3 சதவீதம். மீதி மூன்றிலும் 41.3 சதவீத மக்கள். அவர்களுக்கு 352 பிரிவுகள். மாவட்டச் சராசரி 1,449 என்பது இந்த இரண்டு உலகங்களையும் ஒரே சட்டியில் போட்டுக் கலக்கியதால் வந்த எண். ஐந்து பிரதேச செயலாளர் பிரிவுகளில் எதுவும் அந்தச் சராசரிக்குப் பக்கத்தில்கூட இல்லை.

மேல் இரண்டுக்கும் கீழ் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? ஊர் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்பகமுவ என்றால் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா. நுவரெலியா பிரிவு என்றால் நகரம் மட்டுமல்ல. தலவாக்கலை, லிந்துலை, கொட்டகலை, அக்கரப்பத்தனை எல்லாம் அதற்குள்தான். தேயிலைத் தோட்டங்களின் நடுமையம். ஹங்குராங்கெத்த, வலப்பனை, கொத்மலை மூன்றிலும் பெரும்பான்மை சிங்களக் கிராமங்கள்: படிக்கட்டு வயல், மரக்கறி, மிளகு. இந்த மூன்றிலும் தோட்டங்கள் இல்லாமல் இல்லை. ராகலை, உடப்புசல்லாவை, பூண்டுலோயா, றம்பொடை, மத்துரட்ட என்று எத்தனையோ இருக்கின்றன. ஆனால் பிரிவின் அச்சாணி கிராமம்தான்.

அந்த மூன்று பெயர்களும் கண்டி இராச்சியக் காலத்துப் பெயர்கள். கொத்மலை, வலப்பனை, உடஹேவாஹெட்ட ஆகியவை கண்டி அரசர்களின் கீழேயே தனித்தனி நிர்வாகப் பகுதிகளாக இருந்தவை. ஹங்குராங்கெத்த இந்த உடஹேவாஹெட்டவில் இருக்கிறது. இரண்டாம் இராஜசிங்கன் அங்கே அரண்மனை கட்டி இருந்தான். அந்தக் காலத்திலேயே ஊர், ஊருக்கு ஒரு தலைவர், பல ஊருக்கு ஒரு கோறளை, அதற்கு மேல் ஓர் அதிகாரி என்று அடுக்கு இருந்தது. ஆங்கிலேயர் அந்த அடுக்கை இடிக்கவில்லை. தங்களுக்கு வசதியாகத் திருத்தி வைத்துக்கொண்டார்கள். ரட்டே மஹத்தயா (ஒரு பகுதிக்கான தலைவர்) என்ற பதவியும் கிராமத் தலைவர் என்ற பதவியும் வரி வசூலுக்கும் ஊர் அமைதிக்கும் அவர்களுக்குப் பயன்பட்டன. 1963-ல் கிராமத் தலைவர் முறை ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் வந்தார். இன்று அவர் பெயர் கிராம உத்தியோகத்தர். ஆள் மாறினார், பதவியின் பெயர் மாறியது. அவர் நின்ற நிலத்தின் எல்லை பெரும்பாலும் மாறவில்லை.

அதே காலத்தில் மேல் மலைகளில் என்ன இருந்தது? காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் காட்டை வெட்டித்தான் முதலில் கோப்பி வந்தது. 1869-ல் இலைநோய் பரவிக் கோப்பி அழிந்த பிறகு தேயிலை. அதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் குடியேறியது ஊரில் அல்ல, தோட்டத்தில். தோட்டத்துக்கு ஊர்த்தலைவர் தேவைப்படவில்லை, துரை, அதாவது தோட்ட அத்தியட்சகர், இருந்தார். துரைக்குக் கீழே கணக்கப்பிள்ளை, கங்காணி. ஒரு பெருந்தோட்டம் பல டிவிசன்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு டிவிசனுக்கும் லயங்கள் (வரிசை வீடுகள்), பெரட்டுக்களம் (காலையில் வேலை பிரிக்கும் இடம்), பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் காப்பகம்), ஒரு மாரியம்மன் கோயில். தோட்டத்துப் பாதை தோட்டத்துக்குச் சொந்தம். வெளியாள் உள்ளே வர துரையின் அனுமதி வேண்டும்.

ஆக, இந்த மலையில் இரண்டு வரைபடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்று அரசாங்கத்தின் வரைபடம்: மாவட்டம், பிரதேச செயலாளர் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு. மற்றது கம்பனியின் வரைபடம்: தோட்டம், டிவிசன், லயம். தோட்டத்தில் ஒருவரிடம் விலாசம் கேளுங்கள். தோட்டத்தின் பெயர், மேல் பிரிவா கீழ் பிரிவா, எந்த லயம், அப்புறம் தபாலகத்தின் பெயர். அவ்வளவுதான். கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரோ எண்ணோ அதில் வராது. கடிதம்கூட வீட்டு வாசலுக்கு வராமல் தோட்டக் காரியாலயத்தில் போய்க் கிடப்பது இன்றும் பல இடங்களில் உண்டு.

அரசாங்கமும் நீண்ட காலம் இந்த இரண்டாவது வரைபடத்தில் சாய்ந்துகொண்டே காலம் கடத்தியது. தோட்டத்தில் பிறப்பு, இறப்பை அறிவிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் கொடுத்தது. தேசிய அடையாள அட்டை விண்ணப்பத்தை அத்தாட்சிப்படுத்தக் கிராமத்தில் கிராம உத்தியோகத்தர். தோட்டத்தில் தோட்ட அத்தியட்சகர். அதாவது ஒரு பகுதி வேலையை ஒரு கம்பனி உத்தியோகத்தரே செய்துவிடுவதால், அங்கே அரசாங்க உத்தியோகத்தர்களைக் கூட்ட வேண்டும் என்ற அவசரம் யாருக்கும் வரவில்லை. என் பார்வையில் 3,070 என்ற எண்ணுக்கு நேரடிக் காரணம் இதுதான். இனப் பாரபட்சம் என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பாரபட்சம் எந்த வழியாக வேலை செய்தது என்று பார்த்தால் அது தோட்டம் என்ற வேலியின் வழியாகத்தான் வந்தது.

வேலியைச் சட்டமும் பலப்படுத்தியது. 1937-ல் கிராமசபைச் சட்டத்தில் செய்த திருத்தம் தோட்டத்தில் குடியிருக்கும் இந்தியத் தொழிலாளருக்குக் கிராமசபை வாக்கைக் கொடுக்கவில்லை. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா தொகுதிகள் அதில் அடக்கம். அடுத்த ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் வந்து தோட்டத்து மக்களில் பெரும்பாலானோரைப் பிரஜையல்லாதவர்கள் ஆக்கியது, அதன் வழியாக வாக்கும் போனது. 1952 தேர்தலில் அந்த ஏழு பூச்சியமானது.

இங்கேதான் கணக்கின் ஒரு வேடிக்கை. அன்றைய தொகுதி நிர்ணய விதிப்படி 75,000 ஆட்களுக்கு ஓர் ஆசனம், அதோடு ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் ஆசனம். ‘ஆட்கள்’ என்றால் பிரஜைகளும் பிரஜையல்லாதவர்களும். தோட்டத்து மக்கள் தலை எண்ணிக்கையில் உண்டு. ஆசனமும் அதன்படி மலைநாட்டுக்குக் கிடைக்கும். ஆனால் அவர்களுக்கு வாக்கு இல்லை. அந்த ஆசனத்தைத் தேர்ந்தெடுப்பது பக்கத்துக் கிராமத்து வாக்காளர்கள். எண்ணப்பட்டவர் ஒருவர், பயனடைந்தவர் இன்னொருவர். கிராம உத்தியோகத்தர் பிரிவுக் கணக்கில் இன்று நாம் பார்ப்பதும் இதன் சித்தப்பா மகன்தான்.

1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். பிரஜாவுரிமை இல்லாத 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. 1974-ல் அந்த மீதியும் பாதி பாதியாகப் பங்கு போடப்பட்டது. நுவரெலியாவின் லயங்களிலிருந்து போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும், மறுபடி தேயிலைத் தோட்டத்திலேயே வேலைக்கு நின்றார்கள். இங்கே தங்கியவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்குச் சட்டத்தில் கடைசி முடிச்சு விழுந்தது 2003-ல்.

வாக்கு திரும்பி வந்த பிறகு தொகுதிகளும் அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கின. 1977 தேர்தலில் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதி. காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க, சௌமியமூர்த்தி தொண்டமான் மூவரும் அதில் ஒன்றாகத் தெரிவானார்கள். இன்று மாவட்டத்தில் நான்கு தேர்தல் தொகுதிகள்: நுவரெலியா–மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை. முதலாவதில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். மற்ற மூன்றையும் சேர்த்தாலும் அந்த ஒன்றை எட்டாது. மாவட்டத்துக்கு எட்டு நாடாளுமன்ற ஆசனங்கள். விகிதாசார முறை என்பதால் இந்தப் பெரிய தொகுதி, சிறிய தொகுதி வித்தியாசம் ஆசனக் கணக்கில் அடிபட்டுப் போகிறது. கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு அப்படி ஒரு விகிதாசாரம் இல்லை.

சரி, 676-க்கும் 3,070-க்கும் உள்ள வித்தியாசத்தால் ஒரு குடும்பத்துக்கு என்ன நட்டம்? வதிவிடச் சான்றிதழ், நற்சான்றிதழ், வாக்காளர் இடாப்பு, அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு விண்ணப்பத்தில் வரும் விசாரணை, வெள்ளத்திலோ மண்சரிவிலோ பாதிக்கப்பட்டவர் பட்டியல் எல்லாம் கிராம உத்தியோகத்தர் கையால் போகவேண்டியவை. கிழமையில் சில நாட்கள்தான் அவர் மேசையில் இருப்பார். மற்ற நாட்களில் களவேலை. ஹங்குராங்கெத்தயில் இருப்பவருக்குத் தன் பிரிவில் எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று மனப்பாடமாகத் தெரியும். மூவாயிரம் பேரை, அதுவும் பல தோட்டங்களில் பரந்து கிடப்பவர்களை, ஒருவர் முகம் பார்த்துத் தெரிந்து வைத்திருக்க முடியாது. கொழுந்து பறிக்கிற பெண் ஒரு சான்றிதழுக்காக ஒரு நாள் போனால் அன்றைய பேர் (நாட்சம்பளம்) போச்சு. போன அன்று அவர் இல்லையென்றால் இன்னொரு பேர்.

காசுக் கணக்கு இன்னும் கூர்மையானது. அரசாங்கத் திட்டங்கள் பல, ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு இவ்வளவு என்று பங்கிடப்படுபவை. ஒரு பிரிவுக்குப் பத்து இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஹங்குராங்கெத்தவுக்கு 131 பிரிவுகளுக்கும் 13 கோடியே 10 இலட்சம். தலைக்கு ஏறக்குறைய 1,480 ரூபாய். அம்பகமுவவுக்கு 6 கோடியே 70 இலட்சம். தலைக்கு 326 ரூபாய். இதில் யாரும் யாருக்கும் அநியாயம் செய்ய வேண்டியதில்லை. எல்லாப் பிரிவுக்கும் சமமாகப் பங்கிட்டாலே போதும்.

பிரதேச செயலக மட்டத்திலும் இதே கதை. 2012-ல் வவுனியா மாவட்டத்தின் முழுச் சனத்தொகை 172,115. அதற்கு நான்கு பிரதேச செயலகங்கள். மன்னார் மாவட்டம் 99,570. ஐந்து பிரதேச செயலகங்கள். நுவரெலியா என்ற ஒரே ஒரு பிரதேச செயலகத்தின் கீழ் வவுனியா மாவட்டத்தைவிடக் கூடிய மக்கள். அம்பகமுவ, மன்னார் மாவட்டத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மன்னாரின் பரப்பு பெரிது, ஊர்கள் தூரத்தூரமாக இருக்கின்றன, அங்கே ஆள் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது என்பது நியாயமான வாதம். ஆனால் மலையில் தூரத்தைக் கிலோமீற்றரில் அளப்பதும் அதே மாதிரித் தப்பு. அம்பகமுவ பிரதேச செயலகம் இருப்பது கினிகத்தேனையில், பிரிவின் மேற்கு ஓரத்தில். ஐந்து பிரிவுகள் இருந்த காலத்தில் பொகவந்தலாவையில் இருந்து ஒருவர் அங்கே போகவேண்டுமென்றால் நோர்வூட், டிக்கோயா, ஹட்டன் வந்து, அங்கிருந்து வேறு பஸ் பிடித்து வட்டவளை தாண்டி வளைந்து வளைந்து இறங்க வேண்டியிருந்தது. ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள். ‘ஏ.ஜி.ஏ. ஒபிஸ் (பிரதேச செயலகத்தின் பழைய பெயர்) போயிட்டு வாறேன்’ என்று காலையில் கிளம்பியவரை வீட்டில் பொழுதுபட்டுத்தான் எதிர்பார்ப்பார்கள்.

இனி, மக்கள் யார் என்பது. குடிசன மதிப்பீடு இலங்கையை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறையாகப் பிரிக்கிறது. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருந்தால் நகரம். இருபது ஏக்கருக்குக் குறையாத, பத்துப் பேருக்குக் குறையாத தொழிலாளர் குடியிருக்கிற நிலம் தோட்டம். மீதி எல்லாம் கிராமம். 2012-ல் இந்த மாவட்டத்தில் தோட்டத் துறையில் 381,207 பேர், கிராமத் துறையில் 290,286 பேர், நகரத் துறையில் 40,151 பேர். பாதிக்கு மேல் தோட்டம். நாடு முழுவதும் தோட்டத் துறையில் இருப்பவர்கள் மொத்தச் சனத்தொகையில் 4.4 சதவீதம்தான், அவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இந்த ஒரே மாவட்டத்தில்.

நகரக் கணக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். 5.6 சதவீதம் என்பது நுவரெலியா மாநகர சபை, ஹட்டன்–டிக்கோயா நகர சபை, தலவாக்கலை–லிந்துலை நகர சபை ஆகிய மூன்றின் எல்லைக்குள் வசிப்பவர்கள் மட்டும். பட்டினசபை என்ற வகை 1987-ல் பிரதேச சபைச் சட்டத்தோடு இல்லாமல் போனது. அதனால் மஸ்கெலியா, ராகலை, பொகவந்தலாவை, கினிகத்தேனை மாதிரியான, கடைத்தெருவும் வங்கியும் பஸ் நிலையமும் உள்ள ஊர்கள் எல்லாம் கணக்கெடுப்பில் ‘கிராமம்’. தீபாவளிக்கு முந்தின கிழமை மஸ்கெலியா கடைத்தெருவில் நடக்க முயன்றவர்களிடம் அது கிராமம் என்று சொல்லிப் பாருங்கள்.

இனவாரியாகப் பார்த்தால் கணக்கெடுப்பு ‘இந்தியத் தமிழர்’ என்று பதிந்தவர்கள் 2012-ல் ஏறக்குறைய 53 சதவீதம். சிங்களவர் 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இலங்கைத் தமிழர் நாலரை சதவீதம், சோனகர் இரண்டரை சதவீதம் அளவில். இவர்கள்தான் மலையகத் தமிழர். அந்தக் கணக்கெடுப்பில் அவர்கள் பாதிக்கு மேல் இருந்த ஒரே மாவட்டம் இதுதான். ‘இந்தியத் தமிழர்’ என்ற தனிப் பெட்டி 1911 கணக்கெடுப்பில் வந்தது. நூறு வருடத்துக்கும் மேலாக அதற்குள் உட்கார மனமில்லாத பலர் தங்களை ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்தது உண்டு. அதனால் அந்த நாலரை சதவீதத்துக்குள்ளும் மலையகத்தவர் இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

வளர்ச்சியும் கவனிக்க வேண்டியது. 1981-ல் 603,577 ஆக இருந்த சனத்தொகை 2001-ல் 703,610 ஆனது. அதற்கு அடுத்த பதினொரு வருடத்தில் கூடியது எட்டாயிரம் பேர் மட்டும். நூற்றுக்கு ஒன்றைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான். குழந்தைப் பிறப்பு குறைந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் எல்லோருக்கும் தெரியும்: பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள் கொழும்புக்குப் போகிறார்கள். கடை, ஹோட்டல், வீட்டுவேலை, ஆடைத் தொழிற்சாலை, கட்டட வேலை. தோட்டத்தில் பேர் போட ஆசைப்படும் இளைஞர் அரிது. ஒருவர் வழமையாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் கணக்கெடுப்பு அவரை எண்ணும். ஆகவே அவர்களில் பலர் புத்தகத்தில் கொழும்பு, கம்பஹா மாவட்டத்தவர்கள். திருவிழாவுக்கும் வாக்களிக்கவும் மட்டும் மலையேறி வருவார்கள்.

உள்ளூராட்சி சபைகளின் கதை தனி. பிரதேச சபைச் சட்டத்தில், சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் தாராளமாகச் செலவிட முடியாதபடி ஒரு பிரிவு இருந்தது, முப்பத்து மூன்றாம் பிரிவு. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களிப்பார்கள். அவர்கள் ஆதரவில் தலைவரே தெரிவாவார். ஆனால் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கொங்கிரீட் கல் போட முடியாது, அது தனியார் நிலம். 2018-ல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே வருடத் தேர்தலுக்கு முன்பாக அம்பகமுவ பிரதேச சபை மூன்றாகப் பிரிந்து அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்றானது. நுவரெலியா பிரதேச சபையும் மூன்றாகி நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்றானது. மாவட்டத்தில் எட்டாக இருந்த சபைகள் பன்னிரண்டு ஆயின. கவனியுங்கள்: பிரிக்கப்பட்டவை பெரிய இரண்டு மட்டும். ஹங்குராங்கெத்த, வலப்பனை, கொத்மலை அப்படியே ஒவ்வொன்றாக இருந்தன. மக்கள்தொகைக்கு ஏற்ப எல்லை போடுவது இங்கே முடியாத காரியம் அல்ல என்பதற்கு இது அத்தாட்சி.

பிரதேச செயலகங்களைப் பிரித்தபோது அந்தக் கணக்கு கைவிட்டுப்போனது. மலையகக் கட்சிகள் பல வருடங்களாகக் கேட்டு, இழுபட்டு, கடைசியில் ஐந்து பத்தாகியது. அம்பகமுவவோடு நோர்வூட். நுவரெலியாவோடு தலவாக்கலை. கொத்மலை கிழக்கு, மேற்கு. ஹங்குராங்கெத்தயோடு மத்துரட்ட. வலப்பனையோடு நில்தண்டாஹின்ன. ஒவ்வொன்றும் இரண்டு. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் 88 ஆயிரத்தையும் இரண்டாக்கி 212 ஆயிரத்தையும் இரண்டாக்கினால் பழைய இடைவெளி அச்சுக்குலையாமல் அப்படியே கீழே இறங்குகிறது. 2012 எண்களையே வைத்துப் பார்த்தால் நுவரெலியாப் பக்கத்தில் ஒரு செயலகத்துக்குச் சராசரி 106 ஆயிரம் பேர், ஹங்குராங்கெத்தப் பக்கத்தில் 44 ஆயிரம். முன்பு எத்தனை மடங்கோ இப்போதும் அத்தனை மடங்கு, 2.4. பத்துச் செயலகங்களையும் ஆள் எண்ணிக்கைப்படி பங்கிட்டிருந்தால் அம்பகமுவவுக்கும் நுவரெலியாவுக்கும் சேர்த்து ஆறு வந்திருக்கும். வந்தது நான்கு.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஹங்குராங்கெத்தவின் 131 பிரிவுகள் கூடிப்போய்விட்டன என்பது என் வாதமல்ல. ஒரு மேட்டில் நாற்பது வீடு, அடுத்த பள்ளத்தில் முப்பது வீடு என்று சிதறிக்கிடக்கும் மலைக்கிராமத்துக்கு 676 பேருக்கு ஒருவர் என்பது நியாயமான ஏற்பாடு. மலைக்கு அதுதான் சரியான அளவு என்றால், அதே அளவில் அம்பகமுவவுக்கு 67 அல்ல, 304 பிரிவுகள் வேண்டும். ராகலை, மத்துரட்டப் பக்கத்துத் தோட்டங்களிலும் இதே பிரச்சினை உண்டு. வலப்பனையின் 833 என்ற சராசரிக்கு உள்ளேயும் சின்னக் கிராமப் பிரிவுகளும் பெரிய தோட்டப் பிரிவுகளும் கலந்து கிடக்கின்றன.

நோர்வூட்டிலும் தலவாக்கலையிலும் செயலகம் வந்தது சின்ன விஷயமல்ல. பொகவந்தலாவைக்காரருக்கு இனிக் கினிகத்தேனை வரை இறங்க வேண்டியதில்லை, நோர்வூட்டோடு வேலை முடியும். ஆனால் செயலகத்தைப் பிரிப்பது என்றால் இருக்கிற கிராம உத்தியோகத்தர் பிரிவுகளை இரண்டு கூடையில் போடுவது. கூடை இரண்டானதால் உள்ளே இருப்பவை கூடுவதில்லை. மேலே புதுக் கட்டடம், புதுப் பெயர்ப்பலகை, புதுச் செயலாளர். கீழே அதே ஒருவர், அதே மூவாயிரம் பேர்.

மழைக்காலத்தில் இது வேறு மாதிரி உறைக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும்போது பிரதேச செயலாளர் பிரிவின் பெயரைச் சொல்லித்தான் விடுகிறது. செயலகம் பிரியும் முன்பு வானொலியில் ‘அம்பகமுவ’ என்று ஒரு சொல் வந்தால் அது சிவனொளிபாதமலை அடிவாரத்திலிருந்து கினிகத்தேனை வரைக்கும் பொருந்தியது. அந்தப் பெயரை எந்த மேட்டில் உள்ள எந்த லயத்துக்கு என்று மாற்றிச் சொல்ல வேண்டியவர் கீழே இருக்கும் அந்த ஒருவர்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலை சரிந்து பாதைகள் அறுந்தபோதும், எந்த வீடு போனது, எந்தக் குடும்பம் எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறது என்ற பட்டியல் அந்த மேசைகளிலிருந்துதான் மேலே போக வேண்டியிருந்தது. லயத்துக்கு வீட்டிலக்கம் இல்லை, காணி உறுதி இல்லை. ஒரு கூரைக்குக் கீழே எத்தனை குடும்பம் என்பது கம்பனியின் செக்ரோலிலும் (தொழிலாளர் வரவுப் பதிவேடு) இருக்காது, ஏனென்றால் அதில் வேலை செய்பவர் பேர் மட்டும்தான் இருக்கும்.